முன் ஆக்ஸிலில் நான் அடைத்த துளை

அந்த யோசனை எனக்கு வந்தபோது கையில் பாதி கடித்த சமோசா இருந்தது.

மணலி பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில், பராமரிப்புப் பிரிவில், நான் பயிற்சியாளர். டிப்ளமோ மெக்கானிக்கல் என்று எடுத்தார்கள். ஆனால் எந்த வண்டி எப்போது நின்றது, எந்தப் பாகத்தை மாற்றினார்கள் என்று கணினியில் தட்டுவதுதான் வேலை. உட்கார்ந்தே இருந்தால் எனக்குக் கால் குறுகுறுக்கும். டீ நேரம் வந்ததும் ஷெட்டுக்கு ஓடிவிடுவேன். அன்று பெட்டி தூக்கும் வண்டி ஒன்றின் ஆக்ஸிலை, அதாவது சக்கர அச்சை, பிரித்துப் போட்டிருந்தார்கள். உள்ளே இருந்த பெரிய பல்சக்கரத்தில் மூன்று பற்களைக் காணோம்.

"சும்மா சுத்திகிட்டிருக்கும்போதே இப்படி ஒடையுமாண்ணா?" என்று ஷெட் மெக்கானிக்கிடம் கேட்டேன்.

அவர் கையைக் கழிவுப் பஞ்சில் துடைத்துக்கொண்டே சிரித்தார். "சும்மா சுத்திகினு கீற பல்லுக்கு இன்னா வலிம்மா? லோடு வாங்கினாத்தான் ஒடையும். இது நல்லா வாங்கிகீது."

சமோசா அப்படியே நின்றது. என் நினைப்பு எங்கள் குப்பத்துக்குப் போய்விட்டது. கல்சுவருக்கு இந்தப் பக்கம், நீலத் தார்ப்பாய்க்குள், ஏழு மாதமாக ஒரு பழைய ஜீப் நிற்கிறது. அதன் முன் ஆக்ஸிலைத் திறந்து பார்த்தால் போதும். பல் உடைந்திருந்தால் என் அண்ணன் அன்றைக்கு லீவரைப் போட்டான் என்று அர்த்தம். உடையாமல் இருந்தால் போடவில்லை. இதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இரும்பு சொல்லிவிடும்.

அன்றைக்கு என்றால், போன கார்த்திகையில் என் மாமா இறந்த நாள்.

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும் வழியில், கடலோரமாக இருக்கிறது எங்கள் குப்பம். கடல் தின்னாமல் இருக்கக் கல் கொட்டினார்கள். கொட்டியபின் எங்களுக்கு மிஞ்சியது கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு சந்து. படகுகளைக் கரையேற்ற அது ஒன்றுதான் வழி. ஆள் போதாததால், ஏதோ ஒரு கம்பெனி கழித்துப் போட்ட ஜீப்பை மாமா வாங்கி வந்தார். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. ஓட்டுபவரின் இடது பக்கம், தரையிலிருந்து பெரிய கியர் கம்பி. அதை ஒட்டி ஒரு குட்டைக் கம்பி, அதைத்தான் லீவர் என்போம். குட்டையைப் பின்னால் இழுத்தால் முன் சக்கரங்களுக்கும் இழுவை போகும். இழுக்காவிட்டால் பின் சக்கரங்கள் மட்டும் சுற்றி மணலில் குழி தோண்டும்.

அந்தச் சந்தில் வண்டியைத் திருப்ப முடியாது. அதனால் மூக்கைக் கடல் பக்கம் வைத்து இறங்குவோம். முன் சக்கரங்கள் தண்ணீருக்குள் முங்கும். முன் கொக்கியில் கயிற்றை மாட்டி, ரிவர்ஸில் படகை மேலே இழுப்போம். ஒரு படகு ஏறியதும் மறுபடி மூக்கு கடலுக்குள். வேறு எங்காவது ஜீப்பை இப்படி நடத்துகிறார்களா என்று தெரியாது. நடத்தினால் அந்த வண்டிக்காக நான் பரிதாபப்படுவேன்.

மாமா எப்போதும் தண்ணீரில் நிற்பார். படகின் பக்கத்தைத் தோளால் தாங்கிக்கொண்டு, வண்டியிலிருக்கும் அண்ணனைப் பார்த்து ஒரே கேள்வி கேட்பார்: "போட்டியாடா?" அண்ணன் குட்டைக் கம்பியை இழுத்துவிட்டு, "போட்டாச்சி மாமா!" என்பான். அதற்குப் பிறகுதான் இழுவை. மாமா கேட்காமல், அண்ணன் பதில் சொல்லாமல் ஒரு படகும் ஏறியதில்லை.

அன்று அலை பெரிது. மாமா கேட்டார். அது எல்லோருக்கும் கேட்டது. அண்ணன் பதில் சொன்னானா என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. படகு பாதி மணல் ஏறியதும் ஜீப்பின் முன்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதன்பிறகு பின் சக்கரங்கள் மட்டும் மணலை வாரி இறைத்தன. முன் சக்கரங்கள் சுற்றவில்லை. கரையில் நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். ஜீப் கடல் பக்கம் சரிந்தது. கயிறு தொய்ந்தது. அடுத்த அலை படகைக் குறுக்கே திருப்பி மாமாவின் மேல் புரட்டியது.

பிறகு ஆட்கள் சேர்ந்து ஜீப்பைத் தள்ளிக் கரையேற்றியபோது குட்டைக் கம்பி முன்னால், இழுக்காத நிலையில், கிடந்தது. தள்ளுவதற்காக யாராவது அதைத் தளர்த்தியிருக்கலாம். ஆனால் அந்த நாளில் யாருக்கு அந்த நிதானம்? "பையன் லீவர் போடல" என்ற பேச்சு சாயங்காலத்துக்குள் குப்பம் முழுக்கப் பரவிவிட்டது. அண்ணன் முகத்துக்கு நேராக ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் சண்டையாவது போட்டிருப்பான்.

அண்ணனுக்கே நினைவில்லை. அதுதான் அவனைத் தின்றது. எத்தனை தடவை யோசித்தாலும், மாமா கேட்டது வரைக்கும் வருகிறது, அதன்பின் சத்தம், நடுவில் ஒன்றுமில்லை என்பான். அவன் இடது கைக்கு மட்டும் ஏதோ நினைவு இருந்தது. சாப்பிடும்போது, தட்டுக்குப் பக்கத்தில் அந்தக் கை மெல்லக் கீழே இறங்கும். இல்லாத கம்பியைப் பிடிக்கும். பின்னால் இழுக்கும். ஒருநாள் அம்மா பார்த்துவிட்டு, குழம்புக் கரண்டியை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றாள். மாமா அம்மாவுக்குத் தம்பி. மகனைத் தேற்றினால் தம்பிக்குத் துரோகம், தம்பிக்காக அழுதால் மகனுக்குக் குற்றப்பத்திரிகை. அம்மா எதுவும் பேசாமல் இருப்பதற்குப் பழகிக்கொண்டாள்.

அத்தை, அதாவது மாமாவின் மனைவி, பக்கத்துச் சந்தில் இருக்கிறாள். மீன் கூடை எடுத்துப் போகும்போதெல்லாம் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பாள். மாமாவின் துண்டு ஜீப்பின் மேல் கம்பியில் கட்டியபடியே இருக்கிறது. ஒருமுறை காயலான்கடைக்காரர் வண்டியைக் கேட்டு வந்தபோது, "அவுரு துண்ட அவுத்துட்டு எட்துகினு போ, தகிரியம் இருந்தா" என்றாள். அவர் துண்டைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார். அண்ணனோடு அவள் பேசுவதில்லை. ஆனால் சங்கரா மீன் கிடைத்தால் எங்கள் வீட்டுக்கு ஒன்று வரும். அது பேச்சா, பேச்சில்லையா என்று எங்களுக்குப் பிடிபடவில்லை.

சமோசா சாப்பிட்ட அன்று சாயங்காலமே அண்ணனிடம் சொன்னேன். "முன் ஆக்ஸில தொறந்து பாக்கப் போறேன்."

"இன்னாத்துக்கு?"

"பல்லு ஒடஞ்சிருந்தா நீ லீவர் போட்டிருக்கே. லீவர் போடலன்னா முன் பல்லுக்கு வேலையே இல்ல. சக்கரத்தோட சும்மா சுத்தும். சும்மா சுத்துற பல்லு ஒடையாது."

அண்ணன் திருப்பிக் கேட்டான். "ஒடையாம இருந்தா?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. உற்சாகத்தில் எனக்கு ஒரு பக்கம்தான் தெரியும். இந்தக் குறை இன்னொரு இடத்திலும் இருந்தது, அப்போது தெரியவில்லை.

"கம்பெனில பேப்பர் தட்றவ வண்டிய கயட்டப் போறாளாம்," என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னான். சிரிக்கப் பார்த்தான். "பாப்பா, போல்ட்டு எந்தப் பக்கம் திருப்புனா கயலும்னாவது தெரியுமா?"

"நீதான சொல்லிக் குடுத்தே, தப்பா இருந்தா உன் தப்பு."

அந்தக் கடைசி இரண்டு சொற்களைச் சொல்லியிருக்கக் கூடாது. அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறி ஜீப்பின் முகத்தில் விழும் நேரம், தார்ப்பாயை விலக்கினேன். உப்பு பூத்துப் போயிருந்தது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, படகு உருட்டும் கட்டைகளை முட்டுக் கொடுத்தேன். சத்தம் கேட்டு அத்தை வந்தாள். ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னாடி நோண்டிகினு கீறே?"

"உள்ள பல்லு எப்படி இருக்குன்னு பாக்குறேன் அத்த."

"துண்டுல எண்ண பட்ச்சி, கைய ஒட்ச்சிடுவேன்."

"படாது அத்த."

அண்ணன் வாசற்படியில் நின்றான். ஏழு மாதத்தில் அந்த வண்டிக்கு அவ்வளவு பக்கத்தில் அவன் வந்ததில்லை.

முன் அச்சின் நடுவில் ஒரு பெரிய இரும்புக் குமிழ் இருக்கும். பல்சக்கரங்கள் அதற்குள்தான். எண்ணெய் ஊற்றும் திருகை முதலில் திருப்பினேன். வரவில்லை. குழாய்த் துண்டு ஒன்றைக் கைப்பிடியில் சொருகி, முழு உடம்பையும் போட்டுத் தள்ளினேன். அது அசைந்த கணத்தில் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. நீளமாக, ஈரமாக, வாய் திறந்து மூச்சு விடுவதுபோல.

அத்தை பெட்டியிலிருந்து எழுந்துவிட்டாள். "இன்னாடி அது?"

"காத்து, அத்த. வெயில் சூட்டுல உள்ள காத்து விரிஞ்சிருக்கு."

"யாரோ பெருமூச்சு உட்டா மாரி கீது."

எனக்கு விளக்கம் தெரியும். விளக்கம் தெரிந்தும் கழுத்தின் பின்பக்கம் சிலிர்த்தது. ஏனென்றால் அந்தக் காற்று அங்கே அடைபட்டு இருந்திருக்கக் கூடாது. ஆக்ஸிலின் தலையில் அதற்கென்றே ஒரு மூச்சுத் துளை உண்டு. அந்த எண்ணத்தின் முனை மட்டும் என்னைத் தொட்டது. நான் அதைப் பிடிக்கவில்லை. பல்லைப் பார்க்கும் அவசரம்.

எண்ணெயை இறக்கினேன். கருப்பாக வர வேண்டியது. நீர்த்த காபி நிறத்தில், கடைந்த மோர்போல, நுரையோடு வந்தது. நின்ற வண்டிக்குள் பிறகு புகுந்த தண்ணீர் என்றால் எண்ணெய் மேலே, தண்ணீர் கீழே, பிரிந்து கிடக்கும். இது ஓடும்போதே கலந்து அரைபட்டது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

பத்து போல்ட்டுகளையும் கழற்றி மூடியைத் தட்டி எடுத்தேன். பெரிய சக்கரத்தில் ஐந்து பற்கள் இல்லை. கீழே சேற்றுக்குள் அவை கிடந்தன. ஒன்றைப் பொறுக்கிப் பாவாடையில் துடைத்தேன். உடைந்த முகம் தேய்ந்ததல்ல, ஒரே அடியில் போனது.

"அண்ணா!" என்று கத்தினேன். "ஒடஞ்சிருக்கு! நீ போட்டிருக்கே!"

அவன் வந்தான். அந்தப் பத்தடியை எப்படிக் கடந்தான் என்று நான் பார்க்கவில்லை. பல்லை வாங்கி உள்ளங்கையில் வைத்து உருட்டினான். திரும்பத் திரும்ப உருட்டினான். பிறகு வண்டியின் கதவுப் பக்கம் குனிந்து, உள்ளே கையை நீட்டி, குட்டைக் கம்பியைத் தொட்டான். இழுக்கவில்லை. சும்மா தொட்டுக்கொண்டு நின்றான். தோள்கள் குலுங்கின. அம்மா எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவன் முதுகில் கையை வைத்தாள். ஏழு மாதத்தில் முதல் தடவை.

அத்தை பக்கத்தில் வந்தாள். அவன் கையிலிருந்த பல்லை எட்டிப் பார்த்தாள். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் நிறுத்த வராதே. தண்ணீர் எப்படி உள்ளே போனது என்று பார்க்க, ஆக்ஸிலின் தலைப்பக்கம் கையைவிட்டுத் தடவினேன். மூச்சுத் துளை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டி. நகத்தால் சுரண்டினேன். நீலம்.

எங்கள் படகின் நீலம்.

அப்போதுதான் போன ஆவணி திரும்பி வந்தது. எங்கள் ஃபைபர் படகின் அடியில் ஒரு வெடிப்பு. பிசினில் நீலச் சாயம் கலந்து, கண்ணாடி நார் வைத்து நான்தான் ஒட்டினேன். கிண்ணத்தில் பிசின் மிஞ்சியது. இறுகுவதற்குள் எங்காவது பயன்படுத்த வேண்டுமே என்று கை பரபரத்தது. முதல் நாள்தான் ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்த்தபோது, முன் ஆக்ஸில் தலையில் மூடி தொலைந்த ஒரு சின்னத் துளையைப் பார்த்திருந்தேன். கடலுக்குள் இறங்கும் வண்டியில் திறந்த துளை! எங்கள் ஊரில் துளை என்றால் அடைப்பார்கள். படகில் பிறந்த புத்தி அது. துளை எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். நான் படித்தவள், நானும் கேட்கவில்லை. என் பாடப் புத்தகத்தில் ஆக்ஸிலின் குறுக்குவெட்டுப் படம் இருந்தது. அதில் அந்தத் துளை இல்லை.

நாரைச் சுருட்டி, பிசினில் தோய்த்து, துளைமேல் வைத்து, பிளாஸ்டிக் காகிதம் சுற்றிய கட்டைவிரலால் அழுத்தினேன்.

மாமா குனிந்து பார்த்தார். "பாத்தியாடா, என் மருமவ இஞ்சினீரு. இனிமே ஒரு சொட்டு உள்ள பூராது," என்று அண்ணனிடம் சொன்னார். அன்று சாயங்காலம் குப்பம் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆக்ஸில் ஓட ஓடச் சூடாகும். உள்ளே காற்று விரியும். துளை வழியே வெளியேறும். குளிர்ந்தால் அதே துளையால் உள்ளே இழுக்கும். ஐந்து படகு இழுத்துச் சூடான ஆக்ஸிலைச் சட்டென்று கடலில் முக்கினால் அது அவசரமாக மூச்சிழுக்கும். மூக்கை நான் அடைத்துவிட்டேன். அது வாயால் குடித்தது. அச்சின் ஓரங்களில் இருக்கும் ரப்பர் உதடுகளை, சீல் என்பார்கள், அவற்றைக் கடந்து, ஒவ்வொரு முக்கலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக, மூன்று மாதம், உப்புத் தண்ணீரைக் குடித்தது. எண்ணெய் மோரானது. பேரிங் அரித்தது. பல்சக்கரங்கள் ஒன்றையொன்று நேராகப் பிடிக்க முடியாமல் போயின. கார்த்திகையில், மாமாவின் தோள் படகில் இருந்தபோது, அவை விட்டன.

ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன். கட்டி முழுசாகப் பெயர்ந்து வந்தது. மேல்பக்கம் ஒரு பள்ளம். கட்டைவிரலை வைத்துப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். வைத்தேன். பொருந்தியது.

அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"தண்ணி எப்டி பூந்துச்சி பாப்பா?" என்று அண்ணன் கேட்டான். முகம் கழுவிவிட்டு வந்திருந்தான். அந்த முகம் எனக்குப் பழைய அண்ணனின் முகமாகத் தெரிந்தது.

"சீல் போயிருச்சு," என்றேன். அது பொய்யில்லை. அதுதான் அதில் மோசமான விஷயம்.

மதியம் அவன் சாப்பிட்டான். இடது கை தட்டுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே இறங்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் பல்லைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனான். சீக்கிரம் திரும்ப மாட்டான் என்று நினைத்தேன். அரைமணி நேரத்தில் வந்துவிட்டான்.

"இன்னா சொல்லுச்சி?" என்று அம்மா கேட்டாள்.

"உள்ள கூப்ட்டு உக்கார வெச்சிச்சி. டீ குட்ச்சியான்னு கேட்டுச்சி. பல்ல வாங்கி அவுரு படத்துக்கு முன்னாடி வெச்சிகிச்சி." சொல்லும்போது அவன் குரல் உடைந்தது, ஆனால் சிரிப்பும் கலந்திருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினான். "அப்பால ஒண்ணு கேட்டுச்சி. 'நீ போட்டுகீறே, சரி. அப்ப அது ஏன் ஒடஞ்சிச்சி?'ன்னுச்சி. எனக்கு இன்னா தெரியும்? சீலுன்னேன். 'சீலு ஏன் போச்சி?'ன்னுச்சி. 'படிச்சவளாண்ட நான் கேட்டேன்னு சொல்லு, அவளே வந்து சொல்லட்டும்'னு சொல்லிச்சி."

அவன் சந்தேகமாகச் சொல்லவில்லை. அத்தை சந்தேகமாகக் கேட்டாளா என்று தெரியவில்லை. அந்தப் பெருமூச்சைக் கேட்டவள் அவள்.

இது மூன்று நாட்களுக்கு முன். அதன்பிறகு அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்தால், என் கட்டைவிரல் தானாக மேசையை அழுத்துகிறது. முதலில் கவனிக்கவில்லை. பக்கத்து மேசைக்காரர்தான், "இன்னாம்மா, மேசைய பஞ்சர் ஒட்றியா?" என்று கேட்டார். அண்ணனின் கையை விட்டுப் போனது எங்கே போனது என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

கொருக்குப்பேட்டையில் பழைய பாகங்கள் விற்பவர் ஒருவர் இதே ரக ஆக்ஸிலுக்குப் பல்சக்கர ஜோடி வைத்திருக்கிறாராம். அண்ணன் விசாரித்து வந்தான். துளையில் இந்த முறை ஒரு ரப்பர் குழாயைப் பொருத்தி, அதன் வாயை முன்கண்ணாடி உயரத்துக்கு, எந்த அலையும் எட்டாத இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். குழாய் வாங்கி வைத்துவிட்டேன். ஆனால் அதை நான் பொருத்தும்போது அண்ணன் பக்கத்தில் நின்று, இது எதற்கு என்று கேட்பான்.

அதற்கு முன் அத்தையிடம் போக வேண்டும். நாளைக் காலை, அவள் கூடை எடுத்துக் கிளம்புவதற்கு முன்னால். அண்ணனையும் கூட்டிக்கொண்டு. இருவருக்கும் தனித்தனியாகச் சொல்லும் அளவுக்கு என்னிடம் தைரியம் இல்லை. எப்படித் தொடங்குவது என்று மூன்று நாளாக யோசித்து எல்லாவற்றையும் கைவிட்டுவிட்டேன். விரிந்த காற்று, குளிர்ந்த காற்று என்று தொடங்கினால் நான் அதற்குள் ஒளிந்துகொள்வேன். என்னை எனக்குத் தெரியும். நீலக் கட்டியை மாமா படத்துக்கு முன்னால், பல்லுக்குப் பக்கத்தில் வைக்கப் போகிறேன். வைத்துவிட்டு, "நான் அடைச்சேன் அத்த" என்று சொல்லிப் பார்க்கப் போகிறேன்.